வாயில் தளத்திற்காக ஓரக்கல் தாழ்த்துதலும் நிலத்தடிக் குழிகளின் மூடிகளும்

நடைபாதையின் விளிம்பில் வரிசையாகப் பதிக்கப்படும் கல்லை ஓரக்கல் என்கிறோம். வண்டிகள் நடைபாதையில் ஏறாமல் தடுப்பதும், மழைநீரைத் தெருவின் ஓரமாக வடிகாலுக்குச் செலுத்துவதும் இதன் இரு தொழில்கள். வீட்டுக்கு வாகனம் செல்லவேண்டிய இடத்தில் இக்கல்லைத் தாழ்த்தி, அதன் பின்னுள்ள தளத்தைச் சரிவாக அமைத்தல் வேண்டும். வேலை சிறியதாகவே தோன்றும். ஒரு கொத்தனாரும் இரு சித்தாட்களும் இரண்டு நாளில் முடித்துவிடுவர். ஆயினும் அத்தளத்தில் ஒரு வார்ப்பிரும்பு மூடி இருக்குமாயின் அது சிறிய வேலையன்று. மூடிக்குக் கீழே இருப்பது வீட்டுக்காரருடைய பொருளன்று. தெருவில் உள்ள அனைவருக்கும் உரிய குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி இவற்றுள் ஒன்றாகும்.

இப்பாடத்திற்கு மைசூரு நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1898-இல் தொடங்கிய பிளேக்கு நோயின் கொடுமைக்குப் பின்னர், நெருக்கமான குடியிருப்புகளைத் திருத்தி அமைக்கும் பொருட்டு, 1903-இல் அந்நகரில் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு நிறுவப்பெற்றது. அக்காலத்து விரிவுப் பகுதிகளான சாமராஜபுரம், லட்சுமிபுரம் போன்றவற்றில் வீடுகளின் பின்புறத்தே குறுகிய துப்புரவுச் சந்துகள் விடப்பட்டன. பிற்காலத்தில் பாதாளச் சாக்கடை வந்தபோது அதன் குழாய்களுக்கு இச்சந்துகள் பல இடங்களில் வழியாயின. ஆதலின் இத்தகைய தெருக்களில் முன்வாயிற் புறத்தே கழிவுநீர்க் குழி அமையாதிருத்தலும் உண்டு. பின்சந்து இல்லாத புதிய மனைப்பிரிவுகளிலோ எல்லாக் குழாய்களும் கம்பிகளும் முன்புற நடைபாதையின் கீழேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டு கிடக்கின்றன. ஒரே நகரத்தில் இரு தெருக்களுக்குள் இத்துணை வேறுபாடு உள்ளமையால், பழைய பகுதியில் பெற்ற பழக்கத்தைக் கொண்டு புதிய பகுதியில் கடப்பாரை ஓங்குதல் தகாது.

நம் நாட்டு நகரங்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. வீடு கட்டி முடிந்தவுடன், வீட்டின் தரைமட்டம் உயர்ந்திருப்பதால், வாயிலிலிருந்து தெருவரை கான்கிரீட்டுச் சரிவு ஒன்றை ஊற்றிவிடுகின்றனர். ஓரக்கல்லும் நடைபாதையும் திறந்த வடிகாலும் அதன் அடியில் மறைகின்றன. கன்னடத்தில் சரண்டி என்றும், நம் முன்னோர் ஜலதாரை என்றும் வழங்கிய அவ்வடிகாலுக்குள் ஒரு சிறு குழாயை மட்டும் செருகிவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். அங்கே மூடி இருந்தால் அதன்மீதும் கான்கிரீட்டு பரவுகிறது. முதல் கனமழையில் தெருவில் நீர் தேங்குவது கண்கூடு. மூடி மறைந்ததன் தீங்கோ உடனே வெளிப்படாது. சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

அதனைச் சற்று விரித்துக் கூறுவோம். ஆள் இறங்க இயலாத சிறு கழிவுநீர்க் குழாய்களில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு குழி அமைப்பது வழக்கம். ஒரு குழி மறைக்கப்பட்டால், அடுத்தடுத்துத் திறக்கக்கூடிய இரு குழிகளின் இடைவெளி 60 மீட்டராகிறது. அடைப்பு ஏற்படும்போது கோலும் நீர்ப்பீச்சும் இரு மடங்கு தொலைவு செல்லவேண்டும். மறைந்த குழியிலேயே அடைப்பு இருப்பின் கான்கிரீட்டை உடைத்தன்றித் தீராது. கழிவுநீர் பின்னோக்கி ஏறித் தாழ்ந்த வீடுகளின் குளியலறைகளில் வழியும். அப்பொழுது எழும் அவசரத்தில், "யாரையேனும் இறக்கிப் பார்" என்ற ஆணை பிறக்கிறது. நம் நாட்டில் பல உயிர்களைக் கொள்ளை கொண்ட ஆணை இதுவே.

இங்கே சொல்லொன்றைப் பற்றிச் சிறிது கூற இடந்தருக. மொழிபெயர்ப்பாளர் நெடுங்காலமாக இக்குழியை 'ஆள்நுழை குழி' என்று எழுதி வந்துள்ளோம். ஆங்கிலச் சொல்லின் பொருள் அதுவே. ஆயினும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றி மனிதரைக் கழிவுநீர்க் குழாயிலோ மலத்தொட்டியிலோ இறக்கித் துப்புரவு செய்விப்பதைக் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2023-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்ட உரையிலும், ஆள் இறங்கும் முறையினின்று இயந்திரம் இறங்கும் முறைக்கு நகரங்கள் மாறவேண்டும் எனக் கூறப்பட்டது. ஆள் நுழையலாகாத குழியை ஆள்நுழை குழி என்று எழுதுவது பொருந்தாது. எனவே இக்கட்டுரையில் 'சாக்கடைக் குழி' என்றே வழங்குகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். களப்பணியாளர் முதலிற் செய்யவேண்டியது அளத்தலும் அடையாளங் காணுதலுமேயாகும். வாயிலின் அகலத்தை மட்டும் அளப்பது பொதுவான பிழை. ஓரக்கல்லின் உயரம் 150 மி.மீ. என்று கொள்க, இந்திய சாலைப் பேரவையின் பாதசாரிகளுக்கான நெறிமுறைகள் இதற்கு மேற்படலாகாது என்கின்றன. வாகனம் ஏறுமிடத்தில் 25 மி.மீ. மட்டும் விட்டு, எஞ்சிய 125 மி.மீ. தாழ்த்துவதாகக் கொள்வோம். நடைபாதையின் தளம் முழுவதையும் தாழ்த்துவதாயின், இருபுறமும் நடப்போர் இறங்கி ஏறுவதற்குச் சரிவு வேண்டும். 12-க்கு 1 என்னும் சரிவில் 125 மி.மீ. இறங்க 1.5 மீட்டர் நீளம் தேவை. வாயில் 3 மீட்டர் அகலமாயின், இருபுறச் சரிவும் சேர்ந்து 6 மீட்டர் நீளத்துக்கு நடைபாதையின் மட்டம் மாறுகிறது. அந்த 6 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு மூடியும் நம் கணக்கில் சேரும்.

நடைபாதை அகலமாயிருந்தால் இதனினும் நல்ல முறை ஒன்றுண்டு. நடப்பதற்குரிய 1.8 மீட்டர் தளத்தை மட்டம் மாற்றாமல் விட்டுவிட்டு, ஓரக்கல்லை ஒட்டி, விளக்குக் கம்பமும் மரமும் நிற்கும் பட்டையில் மட்டும் வாகனச் சரிவை அமைக்கலாம். அப்பட்டை 900 மி.மீ. அகலமாயின் சரிவு ஏறத்தாழ 7-க்கு 1 ஆகும். இது சற்றுச் செங்குத்தேயாயினும் வாகனம் ஏறுவதற்குத் தடையில்லை. நடப்போர் ஏறி இறங்க வேண்டுவதில்லை. கண்பார்வையற்றோர்க்கும் சக்கர நாற்காலியில் செல்வோர்க்கும் இதுவே ஏற்றது. நடுத்தளத்து மூடிகளையும் தொடவேண்டியதில்லை. இடமிருக்குமாயின் இதனையே கொள்க. வீட்டுக்காரர் வேறுவிதமாக விரும்பினாலும் விளக்கிச் சொல்லுதல் நம் கடமை.

மூடிகளின் உரியவர் யார் என்பதை அடுத்து அறியவேண்டும். மைசூருவில் குடிநீர் வால்வுப் பெட்டிகள் வாணிவிலாஸ் நீர்வழங்கு நிலையத்தைச் சார்ந்தவை. சாக்கடைக் குழிகள் மாநகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பிரிவைச் சார்ந்தவை. மின்கம்பிகள் சாமுண்டேசுவரி மின்வழங்கு நிறுவனத்துக்குரியவை. தொலைபேசிக் குழிகள் பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கோ தனியார்க்கோ உரியவை. சில பகுதிகளில் இப்போது சமையல் எரிவாயுக் குழாயும் புதைக்கப்பட்டுள்ளது. மூடியின் மேல் வார்க்கப்பட்டுள்ள எழுத்துக்களைப் படித்தல் முதற் படி. ஆனால் அதனை மட்டும் நம்புதல் கூடாது. காணாமற்போன மூடிக்கு மாற்றாக, கையில் கிடைத்த வேறோர் அலுவலகத்தின் மூடியை வைத்திருப்பதும் உண்டு. உரிய அலுவலகத்தின் எழுத்துமூலமான இசைவும், தெருவை வெட்டுவதற்கு மாநகராட்சியின் அனுமதியும் பெற்ற பின்னரே மண்வெட்டி எடுக்கவேண்டும். இங்கிலாந்தில் இவ்வேலைக்கு 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் தனிப்பிரிவே உள்ளது. அங்கும் வீட்டுக்காரர் தம் விருப்பம்போல் ஓரக்கல்லைப் பெயர்க்க இயலாது.

ஒரு மூடி சரியாக வாயிலின் நடுவே அமைந்திருக்கக் கண்டால், அதனை எங்ஙனம் தாழ்த்துவது என்று ஆராயுமுன், வாயிலையே ஒரு மீட்டர் தள்ளி அமைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். மதிற்சுவரின் ஒரு பகுதியை இடித்துக் கட்டும் செலவு, குழியை மாற்றும் செலவினும் மிகக் குறைவு. இதனைச் சொல்லத் தயங்கும் மேற்பார்வையாளர் பலர்.

வாயிலை மாற்ற இயலாதெனின், மூடியின் வலிமையைப் பார்க்கவேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி மூடிகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வார்ப்பிரும்புக்கு ஐ.எஸ். 1726, முன்வார்ப்புக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 12592 என்பன தரங்கள். இவற்றுள் இலேசு வகையின் குறியெண் 2.5, நடுத்தர வகைக்கு 10, கன வகைக்கு 20, மிகு கன வகைக்கு 35. இவை டன் கணக்கிலான சோதனைச் சுமைகள், வண்டியின் எடையல்ல. நடைபாதையில் பெரும்பாலும் இலேசு வகையே இருக்கும். மோட்டார் வண்டிகள் நிற்குமிடத்துக்கு நடுத்தர வகை வேண்டும். "எங்கள் கார் ஒன்றேகால் டன்தானே" என்று வீட்டுக்காரர் கூறலாம். ஆனால் கோடைக்காலத்தில் 6,000 லிட்டர் தண்ணீர் வண்டி வந்தால் நீரின் எடை மட்டுமே 6 டன். மணல் லாரியும் அவ்வழியேதான் பின்வாங்கும். சுமை முழுதும் நான்கைந்து சக்கரங்களின் அடியில் குவிகிறது என்பதையும் மறத்தல் ஆகாது. தெருவின் நிலையை நோக்கிக் கன வகையைக் கேட்பதில் தவறில்லை. எவ்வகையாயினும் மூடியையும் சட்டத்தையும் ஒருசேர மாற்றவேண்டும். பழைய இலேசுச் சட்டத்தில் புதிய கன மூடியை அமர்த்தினால், முறிவது சட்டமாகும். வார்ப்பிரும்பு மூடிகள் பழைய இரும்பு விலைக்காகத் திருடப்படும் இடங்களில் எஃகு இழை கலந்த கான்கிரீட்டு மூடிகளை இடுவது நல்லது.

இப்போது மட்டத்தைப் பார்ப்போம். 600 மி.மீ. நீளமுள்ள ஒரு சட்டம் 12-க்கு 1 சரிவில் அமைந்தால், அதன் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் 50 மி.மீ. ஏற்றத்தாழ்வு உண்டு. கொத்தனார் பழக்கத்தின்படி இரசமட்டம் வைத்துச் சட்டத்தைச் சமமாக அமர்த்தினால், ஒரு பக்கம் 25 மி.மீ. துருத்திக்கொண்டும் மறுபக்கம் 25 மி.மீ. பள்ளமாகவும் நிற்கும். ஒன்றில் கால் இடறும். மற்றதில் நீர் தேங்கும். எனவே சட்டத்தைத் தளத்தின் சரிவுக்கு இணையாகச் சாய்த்தே பதிக்கவேண்டும். இருபுறமும் முளை அடித்து, நூல் கட்டி, மட்டப்பலகையால் சரிபார்த்தல் எளிய முறை.

தாழ்த்துவதற்குக் குழியின் கழுத்துச் செங்கல்லை அகற்றவேண்டும். 90 மி.மீ. செங்கல்லும் 10 மி.மீ. சாந்தும் கொண்ட ஒரு வரி 100 மி.மீ. ஆகும். நமக்கு வேண்டுவது 125. ஒரு வரியை எடுத்தால் 25 குறைகிறது. ஆதலின் இரு வரிகளை எடுத்து 200 மி.மீ. இறக்கி, 75 மி.மீ. கான்கிரீட்டுப் படுகை இட்டுச் சட்டத்தை அமர்த்தவேண்டும். சூளைச் செங்கல்லின் அளவு ஊருக்கு ஊர் மாறுபடும், அளந்தே கணக்கிடுக.

மூடியைத் திறக்குங்கால் கவனிக்கவேண்டியவை உயிரோடு தொடர்புடையவை. சாக்கடைக் குழியில் ஹைடிரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். அது காற்றினும் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் நின்றது, வாயு நீங்கிற்று என்று எண்ணி இறங்கியவர் மயங்கி விழுவர்; அவரைக் காக்க இறங்கியவரும் அவ்வாறே. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதனினும் அபாயம். மீதேன் வாயு தீப்பற்றும். ஓரக்கல் வேலையில் எவரும் குழிக்குள் இறங்கவேண்டிய தேவையே இல்லை. கழுத்துக்குக் கீழே வேலை இருக்குமாயின் அது நம் வேலையன்று. உரிய அலுவலகத்தாரின் இயந்திரம் வரும்வரை நிறுத்தி வைக்கவேண்டும்.

தூக்குச் சாவிகள் இரண்டைக் கொண்டு இருவர் நின்று மூடியைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்த்துக. கடப்பாரையை விளிம்பில் நுழைத்து நெம்பினால் சட்டத்தின் உதடு உடையும். திறந்த குழியைச் சுற்றி உடனே தடுப்பு வைக்கவேண்டும். தேநீர் அருந்தப் போகும் பத்து நிமிடமாயினும் ஒருவர் காவல் நிற்கவேண்டும். செங்கல்லை உடைக்குமுன், ஒரு பலகையின்மேல் கோணிச்சாக்கு விரித்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டிக் கழுத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுக. உடைசல் குழிக்குள் விழாமல் இது தாங்கும். வேலை முடிந்தபின் ஏற்படும் அடைப்புகளிற் பலவற்றிற்குக் காரணம் கொத்தனார் விட்டுச்சென்ற செங்கல் துண்டுகளே.

சட்டத்தை 1-க்கு 3 சிமெண்டுச் சாந்தில் முழுவதும் படியுமாறு அமர்த்தவேண்டும். நான்கு மூலையிலும் கற்சில்லு வைத்து மேலே பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது. சில்லுகளுக்கிடையே வெற்றிடம் நிற்க, வண்டி ஏறுந்தோறும் மூடி தடதடவென ஆடும். ஓசையைப் பொறுத்துக்கொண்டாலும் ஓராண்டில் சட்டம் விரிசலுறும். சட்டத்தைச் சுற்றி 150 மி.மீ. அகலத்துக்குக் கான்கிரீட்டு இட்டு, தளக்கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே பிரிவு விடுக. சாவித்துளைகளில் சாந்து புகாமல் துணி திணித்து வைப்பதும் நன்று.

குடிநீர் வால்வுப் பெட்டி உருவில் சிறியதாயினும் தொல்லையில் பெரியது. பெட்டியை 125 மி.மீ. இறக்கும்போது, உள்ளே வால்வின் தண்டு அசையாமல் அதே உயரத்தில் நிற்கிறது. மூடி அதன் தலையில் முட்டும். குழாயையே தாழ்த்தவேண்டும், அதனை நீர்வழங்கு நிலையத்தாரே செய்யவேண்டும். தண்டு முட்டாவிடினும், மூடுமுன் சாவியை இட்டு வால்வு இருபுறமும் திரும்புகிறதா என்று காண்க. பெட்டி குழாயின்மேல் அமர்ந்திருத்தல் கூடாது. அமர்ந்தால் சக்கரத்தின் சுமை முழுதும் குழாய்க்குச் செல்லும். இருபுறமும் தனிச் செங்கற்காலில் அதனைத் தாங்குக.

மின்கம்பிக்குப் பெரும்பாலும் மூடியே இல்லை. அதனாலேயே அது மிக அபாயமானது. தாழ்ந்த அழுத்தக் கம்பிகளைக் குறைந்தது 750 மி.மீ. ஆழத்தில் புதைக்கவேண்டும் என்பது தரம். 125 மி.மீ. தளம் இறங்கினால் எஞ்சுவது 625. அதற்குள் 80 மி.மீ. தளக்கல்லுக்கும் 150 மி.மீ. அடிப்படைக்கும் தோண்டினால், கம்பிக்கும் கடப்பாரைக்கும் இடையே 395 மி.மீ. மட்டுமே மிஞ்சுகிறது. முன்னே புதைத்தவர் சரியாகப் புதைத்திருந்தால்தான் அதுவும். வாகனச் சுமை வரும் இடத்தில் கம்பி ஆழமாகவும் உறைக்குழாய்க்குள்ளும் இருக்கவேண்டும். எனவே மின்வழங்கு நிறுவனத்தார் வந்து வழி குறித்துக் கொடுக்கும்வரை கடப்பாரை கூடாது. மண்வெட்டியால் மெல்லச் சுரண்டியே பார்க்கவேண்டும். மஞ்சள் எச்சரிக்கை நாடாவோ வரிசையாகப் பரப்பிய செங்கல்லோ தென்பட்டால் அங்கேயே நிறுத்துக.

மழைநீர் உட்புகும் கம்பிவலை மூடி ஓரக்கல்லை ஒட்டியிருந்தால், தாழ்த்தும் பகுதியை அதனின்று விலக்கி அமைப்பதே முறை. ஓரக்கல்லின் உயரம் குறைந்த இடத்தில் ஓடுநீர் வீட்டுக்குள் நுழையப் பார்க்கும். ஆதலால் வாயிற்படியை ஒட்டித் தளத்தைச் சற்று மேடாக்கி நிறுத்தவேண்டும். கம்பிகள் வண்டி செல்லும் திசைக்குக் குறுக்கே அமைதல் வேண்டும். இணையாக அமைந்தால் சைக்கிளின் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும்.

ஆசிரியர்கள் இவ்விஷயத்தை எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் எளிதாகக் கையாளலாம். விகிதக் கணக்குக்குச் சரிவும், நெம்புகோலுக்குத் தூக்குச்சாவியும் உதவும். சாக்கடை மூடி ஏன் வட்டமாயிருக்கிறது என்ற வினாவை அட்டைத்தாளால் செய்துகாட்டுக. 600 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 849 மி.மீ.; செங்குத்தாகத் திருப்பினால் சதுர மூடி தன் குழிக்குள்ளேயே விழும். வட்டத்துக்கு எத்திசையிலும் விட்டம் ஒன்றே. ஆதலின் தாங்கும் உதட்டைக் கடந்து அது விழாது. பள்ளிவாயிலிலிருந்து தெருமுனைவரை உள்ள மூடிகளை மாணவர் நடைபாதையில் நின்றபடியே எண்ணி, உரிய அலுவலகத்தின் பெயருடன் படம் வரையலாம். எந்த மூடியையும் தொடலாகாது என்று முன்னரே கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

கான்கிரீட்டை ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடி நீர் விட்டுவரவேண்டும். அதுவரை வாகனம் ஏற்றலாகாது. பின்னர் மூடியின் நான்கு பக்கமும் காலூன்றி மிதித்து, ஆட்டம் உண்டா என்று பார்க்கவேண்டும். வாயிற்றூணிலிருந்து ஒவ்வொரு மூடியின் நடுப்புள்ளிக்கும் உள்ள தொலைவை அளந்து, புதிய மட்டத்துடன் ஒரு தாளில் வரைந்து, ஒரு படியை மாநகராட்சிக் கோட்ட அலுவலகத்திலும் ஒரு படியை வீட்டுக்காரரிடமும் கொடுக்கவேண்டும். முதல் மழை பெய்யும் நாளில் ஒருமுறை நேரில் சென்று, நீர் எப்பக்கம் ஓடுகிறது என்று காண்க.